ரொக்க இருப்பு விகிதம் குறைந்தது. என் தவணை ஏன் குறையவில்லை?

கேள்வி: 2025-இல் ரிசர்வ் வங்கி ரொக்க இருப்பு விகிதத்தை 4 சதவிகிதத்திலிருந்து 3 சதவிகிதமாகக் குறைத்தது. வங்கிகளுக்கு 2.5 லட்சம் கோடி ரூபாய் கிடைக்கும் என்றார்கள். என் 30 லட்ச ரூபாய் வீட்டுக் கடன் தவணையில் அதனால் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வங்கி ஏமாற்றுகிறதா? இருப்பு குறைந்ததால் என் டெபாசிட்டுக்கு ஆபத்து உண்டா?

பதில்: ஏமாற்று இருக்கிறதா என்பது உங்கள் கடன் எந்த வகை என்பதைப் பொறுத்தது. முதலில் அந்த 2.5 லட்சம் கோடி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

வங்கி திரட்டும் ஒவ்வொரு 100 ரூபாய் டெபாசிட்டுக்கும் இத்தனை ரூபாயை ரிசர்வ் வங்கியில் வைத்தே ஆக வேண்டும் என்பதுதான் ரொக்க இருப்பு விகிதம். இந்தப் பணத்துக்கு 2007 முதல் வட்டி கிடையாது. இருவார சராசரியில் கணக்கைச் சரிக்கட்டினால் போதும் என்றாலும், எந்த நாளிலும் தேவையில் 90 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 2025 செப்டம்பர் 6 முதல் நவம்பர் 29 வரை, நான்கு முறை கால் கால் சதவிகிதமாக இந்த விகிதத்தைக் குறைத்தார்கள்.

தேதிகளைக் கவனியுங்கள். செப்டம்பர் 15, டிசம்பர் 15 இரண்டும் முன்கூட்டிய வருமான வரி கட்டக் கடைசி நாட்கள். மாதந்தோறும் 20-ஆம் தேதியை ஒட்டி ஜிஎஸ்டி. அந்த நாட்களில் வங்கிகளிலிருந்து பணம் அரசின் கணக்குக்குப் போய்விடுகிறது. அந்தக் கணக்கு இருப்பதோ ரிசர்வ் வங்கியில். தீபாவளிக்கு மக்கள் எடுக்கும் ரொக்கமும், ரூபாயைத் தாங்க ரிசர்வ் வங்கி டாலர் விற்கும்போது உள்ளே இழுக்கும் ரூபாயும் இதோடு சேரும். இந்த வறட்சிக்குத்தான் மடை திறக்கப்பட்டது. வெள்ளம் வந்தால் அடைப்பதும் உண்டு: 2000 ரூபாய் நோட்டுகள் வங்கிக்குத் திரும்பிய 2023-இல், கூடுதலாகச் சேர்ந்த டெபாசிட்டில் 10 சதவிகிதத்தைத் தனியாக ஒதுக்கச் சொன்னார்கள், அக்டோபருக்குள் படிப்படியாக விடுவித்தார்கள்.

இனி உங்கள் தவணை. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கியில் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடன் என்றால், அது பெரும்பாலும் ரெப்போவுடன், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் தரும் வட்டியுடன், இணைந்திருக்கும். அதற்கு ரொக்க இருப்பு பொருட்டே இல்லை. ரெப்போ அசைந்தால்தான் வட்டி அசையும். 2025-இல் ரெப்போ 6.5-லிருந்து 5.25 சதவிகிதத்துக்கு வந்தது. அது உங்கள் கடனில் ஏறியதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டி மாற்றப்பட வேண்டும். தவணைத் தொகை அப்படியே இருந்து, காலம் மட்டும் சுருங்கியிருக்கவும் கூடும். கடன் அறிக்கையில் மீதமுள்ள மாதங்களை எண்ணிப் பாருங்கள்.

பழைய எம்சிஎல்ஆர் கடன் (வங்கி தன் பணம் திரட்டும் செலவை ஒரு சூத்திரத்தில் போட்டுத் தானே கணக்கிடும் வட்டி) என்றால் கதை வேறு. அந்தச் சூத்திரத்தில் ரொக்க இருப்பால் வங்கிக்கு ஏற்படும் நஷ்டமும் ஒரு பகுதி. வங்கி 6 சதவிகித வட்டிக்குப் பணம் திரட்டுகிறது என்று கொள்வோம். 4 ரூபாய் முடங்கினால், மீதி 96 ரூபாய் அந்த 4 ரூபாயின் வட்டியையும் சுமக்க வேண்டும்: சுமை 0.25 சதவிகிதம். 3 ரூபாய் என்றால் ஏறக்குறைய 0.19. அதாவது 30 லட்சத்துக்கு மாதம் 160 ரூபாய் அளவுக்கு வித்தியாசம். இதுவும் எம்சிஎல்ஆரின் மற்ற பகுதிகள் மாறாமல் இருந்தால் மட்டுமே. நீங்கள் வட்டி மாற்றத் தேதி வரை காத்திருக்கவும் வேண்டும். என்னைக் கேட்டால், இந்த 160 ரூபாய்க்குக் காத்திருப்பதைவிட ரெப்போ கடனுக்கு மாற்றச் சொல்லி இப்போதே கிளையில் எழுதிக் கொடுப்பது மேல். நிர்வாகச் செலவு எவ்வளவு, ரெப்போவுக்கு மேல் எத்தனை சதவிகிதம் சேர்ப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள்.

டெபாசிட் பற்றிய பயம் வேண்டாம். ரொக்க இருப்பு இன்று பணப்புழக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி. உங்களுக்கான காப்பீடு அல்ல. இது தவிர வங்கிகள் டெபாசிட்டில் 18 சதவிகிதத்தைப் பெரும்பாலும் அரசுக் கடன் பத்திரங்களாக வைத்திருக்கின்றன. டெபாசிட் காப்பீடு, ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை. அதற்கு மேல் வைத்திருந்தால் இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுங்கள்.