ஸ்கிரேப்பி நோயும் செம்மறியின் மரபணுவும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஸ்கிரேப்பி பரம்பரை நோயா, தொற்றுநோயா?

பதில்: செம்மறி ஆடுகளின் மூளையையும் நரம்புகளையும் சிதைத்துக் கொல்லும் இந்நோய் தொற்றுநோய்தான், ஆனால் மந்தையில் எந்த ஆடு அதற்கு ஆட்படும் என்பதைப் பெரும்பாலும் மரபணுவே முடிவு செய்கிறது. 1936-இல் பிரான்சில் குயே, ஷெல் ஆகிய இருவரும் நோயுற்ற ஆட்டின் நரம்புத் திசுவைச் செலுத்தி, நலமாயிருந்த ஆட்டுக்கு நோய் வருவதைக் காட்டினர். அப்படியிருந்தும், ஒரே வழிவந்த ஆடுகளில் நோய் திரும்பத் திரும்பத் தோன்றியதால், அதைப் பரம்பரை நோய் என்றே வாதிட்டவர்கள் 1960-களிலும் இருந்தனர். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மந்தைகளில் நோய்க்கு எளிதில் ஆட்படும் மரபணு வகை இருந்தும், வழக்கமான ஸ்கிரேப்பி அங்கே நிலைகொள்ளவில்லை. மரபணு மட்டுமே நோயை உண்டாக்காது என்பதற்கு இதுவே வலுவான சான்று என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: நோயுற்ற ஆட்டை எப்படி அறிவது?

பதில்: வேலியிலும் கம்பத்திலும் ஓயாமல் உரசி, விலாவில் கம்பளி உதிர்ந்து நிற்கும். முதுகின் பின்பகுதியைச் சொறிந்துவிட்டால் தலையை உயர்த்தி உதடுகளை மெல்ல அசைக்கும். தொற்றிய பிறகு இவை வெளிப்பட, பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும்.

கேள்வி: ஏஆர்ஆர், விஆர்க்யூ என்பவை எதைக் குறிக்கின்றன?

பதில்: உடலில் இயல்பாகவே இருந்து, உருத்திரிந்து நோய்ப்புரதமாக மாறினால் ஸ்கிரேப்பியை உண்டாக்கும் பிரியான் என்ற புரதத்தின் 136, 154, 171 ஆகிய இடங்களில் உள்ள அமினோ அமிலங்களின் சுருக்கக் குறிகள் அவை. முறையே அலனின், ஆர்ஜினின், ஆர்ஜினின் அமைந்தால் ஏஆர்ஆர். வேலின், ஆர்ஜினின், குளுட்டமின் அமைந்தால் விஆர்க்யூ. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஏஆர்ஆர் பெற்ற ஆட்டுக்கு வழக்கமான ஸ்கிரேப்பி வருவது மிக அரிது. இரண்டும் விஆர்க்யூ ஆனால் ஆபத்து மிக அதிகம்.

கேள்வி: கிடாக்களைச் சோதிப்பதற்கே ஏன் முதலிடம்?

பதில்: ஒரு கிடா ஒரே பருவத்தில் பல பெட்டைகளைச் சினைப்படுத்தும் என்பது முதற்காரணம், 2001-இல் தொடங்கிய பிரிட்டனின் தேசியத் திட்டமும் அதனாலேயே கிடாக்களை முன்னிறுத்தியது. அதைவிட நுட்பமான காரணம் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. நோயுற்ற பெட்டை ஈனும்போது விழும் நஞ்சுக்கொடியே தொற்றைப் பரப்பும் முக்கிய வழி. ஆனால் அதில் நோய்ப்புரதம் சேர்வது தாயின் மரபணுவை மட்டுமல்லாமல், வயிற்றிலுள்ள குட்டியின் மரபணுவையும் பொறுத்தது. குட்டி தந்தைவழியாக ஒரு ஏஆர்ஆர் பெற்றிருந்தாலே அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

கேள்வி: அப்படியானால் ஏஆர்ஆர் ஆடு எல்லா வகையிலும் பாதுகாப்பானதா?

பதில்: இல்லை. 1998-இல் நார்வேயில் கண்டறியப்பட்ட மாறுபட்ட ஸ்கிரேப்பி, ஏஆர்ஆர் ஆடுகளிலும் காணப்பட்டுள்ளது.

கேள்வி: ஐஸ்லாந்தில் நோய் கண்ட பண்ணையின் முழு மந்தையையும் கொன்றார்களே, வேறு வழி இருக்கவில்லையா?

பதில்: நெடுங்காலம் இருக்கவில்லை. 1878 முதல் அந்நாட்டை வாட்டும் இந்நோய், மந்தையை அழித்த பண்ணையில் 16 ஆண்டுகளுக்குப் பின்னரும் திரும்பியதுண்டு. தலைமுறைகளாகப் பேணிய ஆடுகளை ஒரே நாளில் இழந்த குடும்பங்களின் துயரம் சிறிதன்று. அங்கத்திய ஆடுகளில் ஏஆர்ஆர் இல்லை என்றே கருதப்பட்டு வந்த நிலையில், 2022-இல் கிழக்குப் பகுதிப் பண்ணை ஒன்றில் சில ஆடுகளிடம் அது கண்டறியப்பட்டது. அவ்வழிக் கிடாக்களின் விந்து இப்போது செயற்கைக் கருவூட்டலுக்குப் பயன்படுகிறது.