ஊஞ்சல் தூண் அல்ல, ஆடுகால்

அன்புள்ள ஐயா,

கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவன் நான். விடுமுறையில் யாழ்ப்பாணத்தில் அம்மாவின் ஊரான கோப்பாய்ப் பக்கம் போகும்போதெல்லாம் புகையிலைக்குப் புகைபோடும் பழைய குடில்களையும் இடிந்த தலைவாசல்களையும் படம் எடுக்கிறேன். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுக் கொழும்பில் காட்சிக்கு வைக்க ஆசை. “இடிந்த கொட்டிலைக் காட்டி எங்கள் வறுமையையா விற்கப்போகிறாய்?” என்று மாமா கோபித்துக்கொண்டார். அவர் சொல்வது சரிதானா? சில படங்களை இணைத்திருக்கிறேன்.

ம., வெள்ளவத்தை

அன்புள்ள ம.,

மாமாவிடம் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் மூன்றாவது படம். கிணற்றடியில் நிற்கும் இரண்டு தூண்களுக்குக் கீழே ‘பழைய ஊஞ்சல் தூண்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, அவை ஆடுகால்கள். இரண்டுக்கும் குறுக்கே அச்சுலக்கை, அதன்மேல் நீண்ட துலா. துலாவில் ஏறியவர் கிணற்றுப் பக்கம் நடந்தால் துலாக்கொடியில் கட்டிய, நீர் மொள்ளும் பட்டை தண்ணீருக்குள் இறங்கும். பின்னால் நடந்தால் நிறைந்து மேலே வரும். கீழே நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். புகையிலைத் தோட்டத்துக்கு இப்படித்தான் இறைத்தார்கள். நீரிறைக்கும் இயந்திரம் வந்ததும் துலாவை இறக்கிவிட்டார்கள். இடது தூணின் தலையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: உலக்கை உரசி உரசி உண்டான பள்ளம் உங்கள் படத்திலேயே இருக்கிறது.

மாமா அந்தத் துலாவில் நடந்தவராகவும் இருக்கலாம். அவர் வியர்வை சிந்திய இடத்தை மருமகன் ஊஞ்சலாக்கினால் கோபம் வராதா?

எனக்கும் புத்தி பிந்தித்தான் வந்தது. எண்பதுகளில் ஒரு ஃபிலிம் சுருள் முழுவதையும், 36 படங்களையும், ஒரே குடிலுக்குச் செலவழித்தேன். அந்திவெயிலில் கிடுகுகளுக்கிடையே புகை கசிந்துகொண்டிருந்தது, மயங்கிவிட்டேன். உள்ளே ஒரு படம்கூட எடுக்கவில்லை. கண் எரியுமே என்ற சோம்பல், வேறொன்றுமில்லை. தேங்காய்ப் பொச்சுமட்டையும் பனங்கொட்டை ஊமலும் புகைந்த இடம் எது, இலைகளை எத்தனை அடுக்காகத் தொங்கவிட்டிருந்தார்கள், வாசல் ஏன் அவ்வளவு தாழ்வு? ஒன்றுக்கும் என்னிடம் விடையில்லை. போரினால் நேர்ந்த 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பல ஆண்டுகள் கழித்துப் போனபோது அந்தக் காணியில் பற்றை மண்டிக் கிடந்தது.

அடுத்த முறை மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எதை எடுப்பது என்று அவர் காட்டட்டும். கயிற்று முடிச்சு, கதவின் குடுமி, கிடுகு கட்டிய விதம், எல்லாவற்றையும் கிட்டப் போய் எடுங்கள், உச்சி வெயிலானாலும். அகலக் கோண லென்ஸ் பையிலேயே இருக்கட்டும். அண்ணாந்து பிடித்தால் சுவரைச் சாய்த்துவிடும். குடில் சாய்ந்திருந்ததா, லென்ஸ் சாய்த்ததா என்று பிறகு யாரிடம் கேட்பது?

கறுப்பு வெள்ளை வேண்டாம் என்பேன். புகையில் கறுத்த மண்சுவரும் மழையில் கறுத்த மண்சுவரும் அதில் ஒன்றாகிவிடும். கொழும்பில் பார்க்கிறவர்கள் அதைத்தான் கலை என்பார்கள், சொல்லட்டும்.

காட்சி வைக்காவிட்டாலும் அச்சுப் போட்டு வையுங்கள். இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் 1944இல் காலமான பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. மிஞ்சியவை அச்சுப் படங்கள்தான். ஒவ்வொரு அச்சின் பின்புறமும் ஊர், தேதி, மாமா சொல்லும் பெயர், மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள்.

மூன்றாவது படத்தின் குறிப்பை மட்டும் இன்றைக்கே திருத்திவிடுங்கள். அந்தத் துலாவில் எத்தனை பேர் ஏறி நடந்தார்கள் என்று மாமாவிடம் கேட்டு எனக்கும் எழுதுங்கள்.