அப்பத்தா தமிழ் பேசும் வீட்டில் குழந்தைக்கு ஆங்கிலம் பழக்குவது எப்படி?

கேள்வி: காரைக்குடியில் கூட்டுக் குடும்பம். மகளுக்கு 3 வயது. அப்பத்தா, ஐயாவுக்குத் தமிழ் மட்டும்தான். வீட்டிலேயே ஆங்கிலமும் பழக்கினால் பிள்ளை குழம்பிவிடுமா? எதில் தொடங்குவது?

பதில்: குழம்பாது. "அம்மா, மில்க் வேணும்" என்று கலந்து பேசினால், முதலில் நாவில் வந்த சொல்லை எடுத்துக்கொண்டது என்று மட்டும் அர்த்தம். பெரியவர்களும் நாள் முழுக்க அதைத்தானே செய்கிறோம்! ஆனால் வீட்டையே ஆங்கிலத்துக்கு மாற்றிவிடாதீர்கள். அப்பத்தாவை "ஆத்தா, கம் கம், ஈட் ஈட்" என்று பேச வைத்தால், அவர்களிடமிருந்து கிடைக்க வேண்டிய நல்ல தமிழும் போச்சு.

ஆளுக்கொரு மொழி என்பது தனிக்குடித்தனத்தில் நடக்கும். ஒரே பட்டாசாலையில் (கூடத்தில்) எட்டுப் பேர் புழங்கும் வீட்டில் வேளைக்கொரு மொழிதான் நிற்கும். தினமும் 20 முதல் 30 நிமிடம், ஒரே வேலை, ஒரே ஆள். குளிப்பாட்டும் நேரம் நல்லது. சாயங்கால இடைப்பலகாரம் இன்னும் நல்லது.

குழிப்பணியாரம் ஊற்றுகிறீர்கள் என்றால், பிள்ளையை அடுப்பை விட்டுத் தள்ளி உட்கார வைத்து, கை செய்வதை வாய் சொல்லட்டும்: "ஐ ஆம் ஃபில்லிங் திஸ் ஒன். நவ் தட் ஒன். இட் இஸ் ஸ்டில் ஒயிட். லெட் அஸ் வெயிட். லுக், இட் இஸ் பிரவுன்! டர்ன் இட் ஓவர்." ஏழு குழிக்கும் அதே வாக்கியங்கள் சலிக்காமல் திரும்பத் திரும்ப வரும். முதல் வாரம் இந்த ஐந்தாறு போதும். இரண்டாம் வாரம் "டர்ன் இட்..." என்று நிறுத்தி, மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். பதில் வராவிட்டால் நீங்களே முடித்துவிட்டு அடுத்த குழிக்குப் போங்கள்.

ஆப்பிள், பால் (பந்து), கேட் (பூனை) என்று பெயர்களை மட்டும் ஒப்பிக்க வைப்பது வீண் வேலை. "இது என் தட்டு" என்பதில் வினைச்சொல்லே இல்லை. ஆங்கிலத்தில் "இஸ்" இல்லாமல் வாக்கியம் நிற்காது. நமக்குத் "தட்டு மேல". அங்கே "ஆன்" முன்னால் வரும். தனிச் சொல்லாகப் படித்த பிள்ளை "பிளேட் ஆன்" என்று தமிழ் வரிசையிலேயே அடுக்கும்.

"ஐயா கோ ஷாப்" என்று சொன்னால் "தப்பு" என்று சொல்லாதீர்கள். "யெஸ், ஐயா வென்ட் டு த ஷாப்" என்று பேச்சுவாக்கில் திருப்பிச் சொல்லிவிட்டு நகருங்கள். விருந்தாளி வந்ததும் "ஆச்சிக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்பதையும் விட்டுவிடுங்கள். அதில்தான் பல பிள்ளைகளின் வாய் அடைக்கிறது.

உங்கள் உச்சரிப்பில் கவனிக்க வேண்டியது இரண்டே: "புக்கு, பஸ்ஸு" என்று கடைசியில் ஒட்டும் உகரம், "யெக், வோன்லி" என்று முன்னால் நுழையும் ய, வ.

மொபைலைக் கொடுத்து ஒதுங்கினால் பலன் குறைவு. 2003-இல், குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பாட்ரிசியா கூல் குழுவினர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சோதித்தார்கள்: மாண்டரின் (சீன மொழி) பேசுபவர் நேரில் 12 முறை விளையாடிப் பேசியபோது அம்மொழியின் ஒலி வேறுபாடு பிடிபட்டது, அதையே வீடியோவில் காட்டியபோது பிடிபடவில்லை. 2 முதல் 4 வயது வரை திரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை. அதற்குப் பதில் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ள முதல் நிலைக் கதை ஒன்றை இலவசமாக எடுத்து அச்சிடுங்கள். ஐயா தமிழில் வாசிக்கட்டும், நீங்கள் ஆங்கிலத்தில். ஒரு வாரம் அதே கதை.

சில மாதம் பிள்ளை ஆங்கிலத்தில் வாயே திறக்காமல் இருக்கலாம். சொன்னதைப் புரிந்து செய்கிறாள் என்றால் கவலையில்லை. ஆனால் 2 வயது தாண்டியும் எந்த மொழியிலும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளைக்கு, இரண்டாம் மொழியைக் குற்றம் சொல்லி நிறுத்திவிட்டுக் காத்திருக்காமல், முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள்.