வாசகர் கேள்வி பதில்: தூக்கிச் செல்லும் டிரம்ஸ் மேடை

கேள்வி: ஐயா, நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து கோத்தகிரியில் ஒரு சிறிய இசைக்குழு வைத்திருக்கிறோம். திருமண வரவேற்புகளிலும், கிறிஸ்துமஸ் விழாக்களிலும், ஹட்டிகளில் (படகர் சிற்றூர்களில்) நடக்கும் சிறு நிகழ்ச்சிகளிலும் வாசிக்கிறோம். டிரம்ஸைத் தரையிலேயே வைப்பதால் பாடகர்களுக்குப் பின்னால் வாசிப்பவர் தெரிவதே இல்லை. ஒவ்வொரு முறையும் வாடகைக்கு மேடை எடுப்பது எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஊர் ஆசாரியைக் கொண்டு நாங்களே உயரமான ஒரு மேடை செய்து வண்டியில் ஏற்றிச் செல்ல முடியுமா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் நீங்கள் உயரத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். மலையில் அதற்கு முன் கவலைப்பட வேண்டியது மேடையின் ஆட்டத்தைப் பற்றி. மண்டபத்துத் தளத்தில் எல்லாக் கால்களும் ஒன்றாகப் பதியும். புல்வெளியிலும் ஹட்டி முற்றத்திலும் எங்கே வைத்தாலும் ஒரு கால் தூக்கிக்கொண்டு நிற்கும். பல ஆண்டுகளுக்கு முன் குன்னூருக்கு அருகே ஒரு வரவேற்புக்கு ஒலியமைப்பு வேலையாகப் போயிருந்தபோது, மேடைப் பலகையின் ஒரு மூலை விரற்கடை அளவு தூக்கியிருந்ததைக் கண்டு, மீந்துபோன அழைப்பிதழ்களை நான்காக மடித்து அதன் காலுக்கு அடியில் சொருகினோம். மூன்றாவது பாட்டுக்குள் பனியில் அட்டை ஊறி நசுங்கிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு மிதிக்கும் மயிரிழை மயிரிழையாக முன்னேறிய பேஸ் டிரம் (பெடலை மிதித்து ஒலிக்கும் பெரிய டிரம்), கடைசியில் பாடகரின் குதிகாலில் போய் முட்டியது.

உயரத்துக்கு 8 அங்குலம் போதும். அது ஏறக்குறைய ஒரு படிக்கட்டின் உயரம் என்பதால் தனியாகப் படி வைக்க வேண்டியதில்லை. உட்கார்ந்து வாசிப்பவரின் முகமும் முன்னால் நிற்பவர்களின் தோள்களுக்கு இடையே தெரியும். அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலமும் ஆட்டத்தைக் கூட்டும்.

அகல நீளத்தை யாரிடமும் கேட்காதீர்கள். உங்கள் டிரம்ஸை வழக்கம்போல் தரையில் பரப்பி, ஹை-ஹாட் (காலால் மிதிக்கும் ஜோடித் தட்டு), சிம்பல் (உலோகத் தட்டு) ஸ்டாண்டுகளின் கால்கள் உட்பட வெளிப்புறமாகச் சாக்கட்டியால் கோடு போட்டு, நான்கு பக்கமும் அரை அடி சேர்த்துக்கொள்ளுங்கள். 22 அங்குல பேஸ் டிரம் உள்ள ஐந்து டிரம் செட்டுக்குப் பெரும்பாலும் 6 அடிக்கு 6 அடி வரும்.

இந்த 6 அடிச் சதுரத்தை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். தூக்குவதற்கு எளிது என்று 6 அடிக்கு 2 அடியாக மூன்று பலகைகள் செய்து குறுக்குவாட்டில் போட்டால், முதல் இணைப்பு முன்விளிம்பிலிருந்து 24 அங்குலத்தில் விழும். 18 அங்குல ஆழமுள்ள பேஸ் டிரம்மும் அதன் வளையத்தில் கவ்வியிருக்கும் பெடலும் சேர்ந்து ஏறத்தாழ 32 அங்குலம் பிடிக்கும் என்பதால், டிரம் ஒரு பலகையிலும் பெடலின் பின்பாதி இன்னொரு பலகையிலும் நிற்கும். இரண்டு பலகைகளும் வெவ்வேறாக அசைந்தால் பெடலின் பிடி தளர்ந்துகொண்டே போகும். அதே பலகைகளை நெடுக்குவாட்டில் போட்டால், பேஸ் டிரம்மின் விரிந்த முன்கால்கள் பக்கத்துப் பலகைகளில் போய் நிற்கும். ஆகவே 6 அடிக்கு 3 அடியாக இரண்டே பலகைகள் செய்து, ஒன்றின் பின்னால் ஒன்றாகப் போடுங்கள். முன்பலகையின் 36 அங்குலத்துக்குள் பேஸ் டிரம்மும் பெடலும் முழுமையாக அடங்கிவிடும்; ஸ்டூல் பின்பலகையில் நிற்கும். பலகையை அறுப்பதற்கு முன் உங்கள் வண்டியின் பின்கதவு அகலத்தை அளந்துவிடுங்கள். கேரியரில் ஏற்றுவதென்றால் படுக்கைவாட்டில் வைத்து இரு முனைகளிலும் கயிறு போட வேண்டும்; நிமிர்த்தி வைத்த பலகை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் காற்றை வாங்கும்.

8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஷீட் ஒன்றிலிருந்து ஒரு பலகைதான் கிடைக்கும். ஆக இரண்டு ஷீட் வாங்க வேண்டும். தனிப் பலகையாக வளைந்துகொடுக்காத தன்மை கனத்தின் மூன்றாம் அடுக்கில் (கனம் × கனம் × கனம்) கூடுவதால், 18 மி.மீ. பிளைவுட் 12 மி.மீ. பிளைவுட்டைவிட மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பானது. ஆனாலும் நான் 12 மி.மீ., அதாவது ஆசாரிகள் கணக்கில் 4 நூல் பிளைவுட்டையே வாங்கச் சொல்வேன். 3 அங்குலத்துக்கு 1 அங்குல ரீப்பரை (மெல்லிய மரச்சட்டத்தை) நிமிர்த்தி வைத்துச் சட்டம் அடித்து, அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம் கொடுத்தால் விறைப்பு தானாக வந்துவிடும். ஒரு பலகை ஏறத்தாழ 25 கிலோவில் நின்றுவிடும். இரண்டு பேர் சிரமமின்றித் தூக்கலாம். ரீப்பருக்குத் தோட்டத்துச் சில்வர் ஓக் நன்றாகக் காய்ந்ததாகக் கிடைத்தால் போதுமானது. மலிவாகக் கிடைக்கிறதே என்று யூக்கலிப்டஸை மட்டும் எடுக்காதீர்கள். காயும்போது அது முறுக்கிக்கொண்டு வெடிக்கும்.

ஒரு பலகைக்கு மூலைக்கு ஒன்றாக நான்கு கால்கள், ஒவ்வொன்றின் அடியிலும் 12 மி.மீ. திருகுபோல்ட் வையுங்கள். போல்ட்டைத் திருகினால் அந்த மூலை ஏறி இறங்க வேண்டும்; நட்டைக் காலுக்குள் அசையாமல் பதித்துத்தர எந்த வெல்டிங் பட்டறையிலும் ஆள் உண்டு. இடத்துக்குப் போனதும் தரை எந்த மூலையில் மேடாக இருக்கிறதோ அந்தக் காலின் போல்ட்டை முழுவதும் உள்ளே ஏற்றிவிட்டு, மற்ற மூன்றையும் ரசமட்டம் பார்த்து உயர்த்துங்கள். புல்தரையானால் ஒவ்வொரு போல்ட்டின் தலைக்கும் கீழே அரையடிச் சதுரப் பலகைத் துண்டு அவசியம். இல்லையென்றால் ஈர மண்ணில் கால் புதைந்து, பாதி நிகழ்ச்சியில் மீண்டும் ஆட்டம் தொடங்கிவிடும். சரிவை முழுமையாகச் சரிசெய்ய முடியாத இடத்தில், மேடை முன்பக்கம் சாய்வதைவிட வாசிப்பவர் பக்கம் சற்றுச் சாய்வது தேவலை.

இரண்டு பலகைகளையும் 10 மி.மீ. போல்ட் இரண்டு போட்டு, விங் நட்டால் (இரண்டு காது உள்ள நட்டு) கையாலேயே முறுக்கி இணையுங்கள். சட்டங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் வெட்டி ஒட்டிவிட்டால் கடகடவென்ற சத்தம் எழாது. அடிப்பக்கம் வெற்றாக இருக்கும் மேடை தானும் ஒரு தோல்கருவியைப் போல அதிரத் தொடங்கும். மைக்கில் அது ஊளையாகக் கேட்கும். குறுக்குச் சட்டங்களுக்கு இடையே பிளைவுட்டின் அடியில் பழைய கம்பளத்தை இறுக்கமாக ஒட்டினால் அதிர்வு பெருமளவு அடங்கும். தெர்மாகோல் இதற்குப் பயன்படாது. அது லேசான பொருள், அதிர்வை உள்வாங்காது.

மேல்பக்கமும் ஒரு கம்பளம் விரித்து, பேஸ் டிரம்முக்கு முன்னால் குறுக்காக ஒரு கட்டையை ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள். பின்விளிம்பில் 2 அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்புக் கட்டை கட்டாயம் வேண்டும். வாசிப்பின் வேகத்தில் ஸ்டூல் பின்னால் நகர்வதை வாசிப்பவர் உணரவே மாட்டார். ஒரு கால் விளிம்பைத் தாண்டினால் ஆளே மல்லாக்க விழுவார்.

கோத்தகிரி கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழை உங்களை நன்றாக நனைக்கும். உங்கள் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளும் அதை ஒட்டியே வருகின்றன. பிளைவுட்டில் ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரை உள்ள மரைன் ரகம் சிறந்தது. கை கடித்தால் ஐ.எஸ். 303இல் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்கும்) ரகமாவது வாங்குங்கள். எந்த ரகமானாலும் நீர் முதலில் ஏறுவது அறுத்த விளிம்பு வழியாகத்தான் என்பதால், விளிம்புகளுக்கு மட்டும் இரண்டு கை எனாமல் பெயின்ட் கூடுதலாக அடித்துவிடுங்கள். ஸ்க்ரூ துருப்பிடிக்காத ரகமாக இருக்கட்டும். மின்வயர்களை மேடைக்கு அடியில் கொண்டுபோகாதீர்கள். ஈரப்புல்லில், போல்ட்டுக்கு அடியில் நசுங்கிய வயர் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: பழைய காய்கறி பிளாஸ்டிக் கிரேட்டுகளைக் கவிழ்த்து, அவற்றின் மேல் பிளைவுட்டைப் போட்டால் டிரம்ஸ் மேடை ஆகாதா? எங்கள் தோட்டத்தில் நிறையக் கிடக்கின்றன. (வாசகர், கொடைக்கானல்)

பதில்: நேர்கீழாக இறங்கும் பாரத்தை கிரேட்டுகள் நன்றாகவே தாங்கும்; கேரட்டை நிரப்பி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். அவற்றின் பலவீனம் பக்கவாட்டில் இருக்கிறது. மிதிக்க மிதிக்க வழவழப்பான பிளாஸ்டிக்கின் மேல் பிளைவுட் வழுக்கும். ஆகவே ஒரே உயரமுள்ள கிரேட்டுகளாகப் பொறுக்கி, அவற்றை ஒன்றோடொன்று நைலான் கயிற்றால் கட்டி, பிளைவுட்டின் அடியில் கிரேட்டின் உள்விளிம்பில் பொருந்தும்படி கட்டைகள் அடித்துவிடுங்கள். கீழே இடைவெளிவிட்டுத் தாங்குவதால் இதற்கு 18 மி.மீ. பிளைவுட்டே வேண்டும். சிமென்ட் தளமுள்ள ஆலயக் கூடத்துக்கு இது போதும்; புல்வெளிக்கு எடுத்துப் போகாதீர்கள். வெயிலில் வெளுத்துப்போன கிரேட்டை எந்த மேடைக்கும் எடுக்க வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.