பாயில் விதி பாயில் ஒருத்தரோடதா?

கேள்வி: ஸ்கூல்ல படிச்ச பாயில் விதிக்காரர் (சூடு மாறாம காத்தை ரெண்டு மடங்கு அழுத்தினா அது பாதி இடத்துல அடங்கிடும்னு சொல்ற விதி) கல்யாணமே பண்ணிக்கலையாமே? தனியாளா எப்படி இவ்ளோ ஆராய்ச்சி பண்ணாரு?

பதில்: கல்யாணம் பண்ணிக்கலைங்கறது நிஜம்தான், ஆனா தனியாள் எல்லாம் இல்லைங்க. ராபர்ட் பாயில் 1627ல அயர்லாந்து லிஸ்மோர் கோட்டையில பொறந்தப்ப அவருக்கு முன்னாடியே பதிமூணு பேர் பொறந்தாச்சு. அப்பா கார்க் பிரபு, இங்கிலாந்துலேர்ந்து பெருசா காசில்லாம டப்ளின்ல வந்து இறங்கி நிலமா வளைச்சுப் போட்டு பெரும் பணக்காரர் ஆனவரு, மகன் சம்பளத்துக்கு வேலை பாக்காம பம்ப்பும் பாதரசமும் வாங்கிட்டு இருந்தது அந்த நிலத்து வருமானத்துலதான். (அது யார் நிலம்னு அயர்லாந்துக்காரங்களைக் கேட்டா வேற கதை வரும்.)

காத்தை உறிஞ்சுற பம்ப்பை 1659 வாக்குல செஞ்சு குடுத்தது அசிஸ்டென்ட் ராபர்ட் ஹூக். விதிக்கான சோதனையில கண்ணாடிக் குழாய் ரொம்ப நீளம், ரூமுக்குள்ள நிக்கல, அதனால மாடிப்படியில வெச்சு, மேலேர்ந்து ஒருத்தர் பாதரசம் ஊத்த கீழ இன்னொருத்தர் அளவு பாத்தாரு, குழாய் உடைஞ்சா பாதரசம் வீணாகக் கூடாதுன்னு அடியில ஒரு பெட்டி வேற. 1662ல அதை அச்சுல போடும்போது, அழுத்தம் கூடக்கூட காத்தோட இடம் அதே கணக்குல சுருங்கும்ங்கற இந்த யோசனை ரிச்சர்ட் டவுன்லிங்கற இங்கிலாந்து ஆராய்ச்சியாளரோடதுன்னு பாயிலே எழுதிட்டாரு. நம்ம பாடப் புத்தகம்தான் அந்தப் பேரை விட்டுடுச்சு!

ஆனா என்னைக் கேட்டா முதல்ல சொல்ல வேண்டிய பேர் அக்கா கேத்தரின்தான், ரானலா சீமாட்டி. பன்னெண்டு வயசு மூத்தவங்க, புருஷனோட ஒத்துப்போகாம லண்டன்ல தனியா இருந்தாங்க. 1668லேர்ந்து 1691 வரைக்கும் பாயில் இருந்தது பால்மால் தெருவுல அக்கா வீட்லதான், ஆய்வுக்கூடமும் அங்கயேதான். கேத்தரினும் மருந்து தயாரிப்புல கெட்டிக்காரங்க, அவங்க பையனுக்கு டியூஷன் எடுத்த ஓல்டன்பர்க்தான் பின்னாடி ராயல் சொசைட்டிங்கற லண்டன் அறிவியல் சங்கத்தோட செயலாளர் ஆகி 1665ல அறிவியல் பத்திரிகையே ஆரம்பிச்சாரு. 1691 டிசம்பர் 23ல அக்கா போனாங்க, அடுத்த எட்டே நாள்ல தம்பி.

கேள்வி: பாயில்கிட்ட வேலை பாத்தவங்கள்ல ஹூக் தவிர வேற யாராச்சும் பெரிய ஆள் ஆனாங்களா?

பதில்: டெனிஸ் பாப்பேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர், பாயில்கிட்ட பம்ப் வேலை பாத்தவரு. 1679ல இறுக்கி மூடுன பாத்திரத்துல எலும்பையே மெத்துன்னு வேக வெச்சுக் காட்டினாரு, வெடிக்காம இருக்க வால்வும் வெச்சாரு. நம்ம குக்கருக்கு தாத்தா அதுதான்.