மூன்று வகைப் பயனர்களுக்கு ஒரே டாஷ்போர்ட்: எங்கிருந்து தொடங்குவது?

கொழும்பு புறக்கோட்டை மொத்தக் கடையொன்றில் முதலாளி, காசாளர், களஞ்சியப் பொறுப்பாளர் மூவருக்கும் ஒரே டாஷ்போர்ட் (கடைக் கணக்கின் முக்கிய விவரங்களை ஒரே இடத்தில் காட்டும் திரை); யாருக்கும் வேண்டியது உடனே கிடைப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

வடிவமைப்பைத் தொட முன்னர் ஒவ்வொருவர் பக்கத்திலும் அரை நாள் இருந்து பாருங்கள். காலையில் முதலில் எதைத் திறக்கிறார், எதைக் கொப்பியில் எழுதுகிறார்? கொப்பிக்குப் போகும் எண்தான் திரையில் இருக்கவேண்டிய எண்.

மூன்று தனித் தளங்கள் கட்டவேண்டாம், ஒவ்வொரு திருத்தத்தையும் மூன்று தடவை செய்யவேண்டி வரும். அதே அட்டைகளை (ஒவ்வொரு விவரத்தையும் காட்டும் திரைப் பெட்டிகளை) வைத்து முகப்பை மட்டும் மாற்றுங்கள்: முதலாளிக்கு அன்றைய விற்பனையும் வரவேண்டிய கடனும், காசாளருக்குப் புதிய பில், களஞ்சியத்துக்குக் குறைந்துபோன சரக்கு.

கவனமெல்லாம் அனுமதியில் இருக்கட்டும். நிரலில் "இவர் காசாளரா?" என்று சோதிக்காமல் "இவர் பில் போடலாமா?" என்று சோதியுங்கள். காசாளர் லீவு எடுத்தால் களஞ்சியக்காரருக்கு அந்த அனுமதியைச் சேர்த்தால் போதும். பொத்தானை மறைப்பது பாதுகாப்பே அல்ல. சர்வர் ஒவ்வொரு கோரிக்கையையும் சரிபார்த்து, அனுமதியில்லாததற்கு 403 என்ற மறுப்புக் குறியீட்டைத் திருப்பவேண்டும். ஒருமுறை எடுத்த தரவை மீண்டும் காட்டச் சேமித்துவைக்கும் கேஷில் (cache), அதைத் தேடும் சாவியில் பயனர் அடையாளத்தைச் சேர்க்க மறந்தால், முதலாளியின் இலாபக் கணக்கு காசாளர் திரையில் வந்து நிற்கும்.

சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் சொற்களின் நீளம் வேறு. பொத்தான் அகலத்தை நிலையாக வைக்காதீர்கள். எழுத்து வரிகளின் உயரம் எழுத்தளவின் 1.5 மடங்கு, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1.

பழைய திரையை இரண்டு வாரமாவது கூடவே வைத்திருங்கள். மாத முடிவுக் கணக்கு அதற்குள் ஒருமுறை வரவேண்டும்.