மூடி வைத்த தட்டு

கேள்வி: பூந்தமல்லியில் வசிக்கிறோம். பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்குக் கொரியத் தொடர்கள் என்றால் உயிர். அவளுக்காக மாதம் ஒருமுறை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள கொரிய உணவகத்துக்குக் குடும்பத்தோடு போகிறோம். மாமியார் சுத்த சைவம். அவருக்குத் தயிர்சாதம் பிசைந்து, தட்டு போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். அப்படியும், திரும்பி வந்தால் “துணியெல்லாம் வாடை” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கணவரும் “அம்மா சொல்வது சரிதானே” என்கிறார். மாமியாருடைய பிடிவாதத்தை எப்படி மாற்றுவது?
– ஒரு வாசகி

பதில்: வாடையை விடுங்கள். மேசையிலேயே அடுப்பு வைத்து இறைச்சி சுடுகிற கடையில் உட்கார்ந்தால் துணியில் புகை ஏறும், துவைத்தால் போய்விடும். இது வாடைக்காக வந்த கோபம் இல்லை.

‘குடும்பத்தோடு போகிறோம்’ என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே வீட்டுக்குப் பெரியவருக்குத் தட்டை மூடி வைக்கிறீர்கள். அப்படியானால் அவர் யார்? ‘கூப்பிட்டோம், வர மறுத்துவிட்டார்’ என்று ஒரு வார்த்தை உங்கள் கடிதத்தில் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நீங்கள் கூப்பிடவே இல்லை. சைவம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். பசிக்குச் சோறு வைத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைப்பது தப்பு. கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் வேண்டாமா, அந்த வயதில்?

உங்கள் கணவரையும் விடமாட்டேன். அம்மாவுக்காக வீட்டில் பேசுகிறவர், மாதாமாதம் அதே மேசையில்தானே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறார்? ஒருநாளாவது ‘அம்மாவும் வரட்டும்’ என்று சொன்னாரா?

இத்தனைக்கும் நீங்கள் போவது கொரியர்களின் சாப்பாட்டுக்கு. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 1998-ல் கார் தயாரிப்பு தொடங்கிய பிறகு, ஊரையும் உறவையும் விட்டு வந்த கொரியர்களை நம்பித்தான் அந்தப் பக்கத்தில் இந்தக் கடைகள் பெருகின. அவர்கள் முறைப்படி, மேசையில் மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகே மற்றவர்கள் சாப்பிடத் தொடங்க வேண்டும். பெரியவருக்கு எதையும் இரண்டு கையாலும்தான் ஊற்றிக் கொடுப்பார்கள். தொட்டுக்கொள்ளும் வகைகளைச் சின்னச் சின்னத் தட்டுகளில் நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். உங்கள் மகள் இதையெல்லாம் தொடர்களில் பார்த்திருப்பாள். பாட்டியை வீட்டில் விட்டுவிட்டு அவள் அங்கே என்னத்தைக் கற்றுக்கொள்கிறாள்?

சரி, இனி செய்ய வேண்டியது: மாமியாரையும் கூப்பிடுங்கள். போவதற்கு முந்தின நாளே கடைக்கு போன் போட்டு விசாரியுங்கள். கிம்ச்சி என்கிற ஊறுகாய் வெறும் முட்டைக்கோஸ்தானே என்று பரிமாறிவிடாதீர்கள்; பெரும்பாலும் அதில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்ந்திருக்கும். சூப்புகள் பலவற்றுக்கு நெத்திலிக் கருவாடு கொதித்த தண்ணீர்தான் அடிப்படை. பிபிம்பாப் என்கிற காய்கறிச் சோற்றை இறைச்சியும் முட்டையும் இல்லாமல் கேட்கலாம். மேலே ஊற்றும் மிளகாய் விழுதில் சில கடைகளில் மாட்டிறைச்சி வதக்கிச் சேர்ப்பார்கள், அதையும் கேளுங்கள். சோயா பன்னீரை எண்ணெயில் பொரித்துத் தரச் சொல்லலாம். அன்றைக்கு ஒருநாள் உங்கள் மேசையில் இறைச்சி சுடாமல் இருந்தால் குறைந்தா போய்விடுவீர்கள்?

“அசைவம் சமைத்த சட்டிதானே” என்று மாமியார் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அது அவருடைய ஆசாரம், அதை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை. அப்போது, குடும்பமாகப் போகிற நாளுக்கு அவரும் கை நனைக்கக்கூடிய சைவ ஓட்டலாகப் பாருங்கள். கொரியக் கடைக்கு மகள் தன் தோழிகளோடு ஒரு மதிய வேளையில் போய் வரட்டும்.

கூப்பிடுவதை மகளிடம் தள்ளிவிடாதீர்கள். நீங்களும் கணவரும் சேர்ந்து போய் அவரிடம் கேளுங்கள். தேதியையும் அவரே சொல்லட்டும். ஏகாதசி, அமாவாசை பார்க்க வேண்டியிருக்கும்.